பன்னிரண்டாவது பெயர்

அத்தியாயம் 17

"மாமாகிட்ட கேட்டுடு."

நேற்றுச் சாயங்காலம் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே, மகன் முகத்தைப் பார்க்காமல், தோரிகா சொல்லித் தொலைத்தது இவ்வளவுதான். உப்பை எடு என்பதுபோலத்தான் சொன்னாள். இசோவா எழுந்தான். கிழங்குத் தொலியை வாரிக்கொண்டு மாமன் வீட்டுப் பன்றிக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினான்.

சொன்ன வாய் இப்போது தோரிகாவுக்குக் கசந்தது.

தங்கை மகன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. வைதாலி கிராமத்தில் எவனும் சொன்னதில்லை. படகைக் கேட்டால் படகு, துடுப்பைக் கேட்டால் துடுப்பு; ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்பது மட்டுமே கணக்கு. அது மருமகனின் பிறப்புரிமை. தோரிகாவின் அண்ணன் கிடியோனே வெறும் தாய்மாமன் மட்டுமாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை. தென்கரை இளைஞர் ரக்பி அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான். ஹாங்காங்கில் நடக்கும் அழைப்புப் போட்டிக்குப் போகப் பன்னிரண்டு பையன்கள் வேண்டும். பதினோரு பேர் முடிவாகிவிட்டது. பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டே பேர். ஒருவன் இசோவா. இன்னொருவன் பிலிமோனி, கிடியோனே பெற்ற மகன்.

இன்று சிங்காதோக்கா மைதானத்தில் கடைசி நாள் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் பெயர்களை வாசிப்பார்கள்.

விடிந்ததிலிருந்து கிடியோனே மருமகனைக் கண்டால் ஓடிக்கொண்டிருந்தார்.

ஆறடி இரண்டங்குல மனிதர். ஒரு காலத்தில் எதிரணியில் மூன்று பேரை மேலே சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டியவர். அப்பேர்ப்பட்டவர் காலையில் பேருந்திலிருந்து முன்வாசல் வழியாக இசோவா இறங்கினால் பின்வாசல் வழியாக இறங்கினார். இசோவா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்தால் கழிப்பறைக்குள் புகுந்தார். ரொட்டி விற்கும் பெண்மணியின் குடைக்குக் கீழே குனிந்து நின்று, வேண்டாத ரொட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். "கோச்சு, உங்க மருமகன் வர்றான்!" என்று யாரோ பொய்யாகக் கத்த, அவர் நிஜமாகவே பந்து மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

தோரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் மூட்டிய தீ அல்லவா!

"உன் அண்ணன் இப்படி ஓடுனா, ஹாங்காங்குக்கு அவரையே பன்னிரண்டாவது ஆளா அனுப்பிடலாம்டி" என்றாள் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த லவேனியா. கிடியோனேயின் மனைவி. தோரிகாவும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவள் அண்ணியானதிலிருந்து கிண்டலுக்கு இரண்டு மடங்கு உரிமை.

"சும்மா இரு அண்ணி."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒரு பக்கம் என் மகன், ஒரு பக்கம் உன் மகன். நடுவுல என் புருஷன் கழிப்பறையில. எனக்கு வேற பொழுதுபோக்கு ஏது?"

முதல் விசில் ஊதியது. அரையிறுதி ஆட்டம்.

அதற்குப் பிறகு தோரிகா பாயில் உட்காரவே இல்லை. இசோவா அன்று ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது? இரண்டு பேர் பாய்ந்து வருவார்கள். இவன் ஒரு தோளைத் தாழ்த்துவான், ஒரு காலை மாற்றுவான், வந்தவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு விழுவார்கள். மூன்று முறை கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை எடுத்தான். மூன்றாவது முறை மைதானம் முழுக்க எழுந்து நின்றது. தோரிகா இடுப்பில் சுற்றிய சுலுத் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரக்கோட்டு நெடுக அவனோடு சேர்ந்து ஓடினாள். ஓடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மூச்சு வாங்க நின்றபோதுதான் உறைத்தது.

இவன் கேட்க வேண்டியதே இல்லை. காலாலேயே கேட்டுவிட்டான். இனி வாயாலும் கேட்டுத் தொலைத்தால், நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள்? 'ஓடி வாங்குனானா, மாமன்கிட்ட கையேந்தி வாங்குனான்' என்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அந்தப் பேச்சு அவன் தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வார்த்தையை அவன் வாயில் வைத்தவள் பெற்ற தாய்.

கிடியோனே பத்தடி தூரத்தில்தான் நின்றார். போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் எப்படிச் சொல்வது? வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. கோபம் இல்லை, பகை இல்லை, மரியாதை. இருபத்து மூன்று வருடமாகத் தோரிகா அண்ணனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட வரச்சொல் என்றாலும் லவேனியா மூலமாகத்தான். லவேனியாவும் சும்மா கொண்டுபோக மாட்டாள். 'வந்து சாப்பிடச் சொல்' என்பது அவள் வாய் வழியாகப் போகும்போது 'கிழவனே, கொட்டிக்க வா' என்று ஆகும்.

தோரிகா பாயில் வந்து விழுந்தாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட ஒரு சேதி சொல்லு. இசோவா வந்து இடத்தைக் கேட்டா, குடுக்க வேண்டாம்னு சொல்லு."

லவேனியா ஆரஞ்சு நறுக்கிய கத்தியை அப்படியே நிறுத்தினாள்.

"என்னது?"

"பெத்தவ சொல்றேன். அவன் கேட்டா அது பேச்சில்லைன்னு சொல்லு."

லவேனியாவின் முகத்தில் கிண்டல் எங்கோ போய்விட்டது. "தோரிகா, நீ வேற எந்தச் சேதி குடுத்தாலும் கொண்டுபோறேன். இதை மாட்டேன்."

"ஏன்?"

"நான் யாரு? பிலிமோனியோட ஆத்தா. மருமகனோட வாயை அடைக்கிற சேதியை நான் கொண்டுபோனா, உன் அண்ணன் என்ன நினைப்பாரு? என் மகனுக்காக நானே கட்டிவிட்ட கதைம்பாரு. அவரு நம்பினாலும் ஊரு நம்பாது. நாளைக்கு என் பையன் விமானம் ஏறும்போது பின்னாடி சிரிப்பாங்க. எனக்கு வேண்டாம்டி அந்தப் பாவம்."

சொன்னது நியாயம்தான்.

மகனிடமே சொல்லலாம் என்றால், பையன்கள் எல்லாம் மரநிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்துக்கு நடுவில் அண்ணன். அங்கே அவள் போக முடியாது. பையன்கள் கூட இருக்கும் தைரியத்தில் கிடியோனே அன்று முதல்முறையாக நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சு வாங்க வந்தவன் பிலிமோனி. அகன்ற மார்பு, உடைந்த முன்பல், எப்போதும் ஒரு சிரிப்பு.

"அத்தை, பழம் குடுங்க. உங்க மகனுக்குத் தோலு மட்டும் போதும்."

தோரிகா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "பிலி, உன் மச்சான்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. மாமாகிட்ட எதுவும் கேக்க வேண்டாம், அம்மா நேத்துச் சொன்னது தப்புன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்குக் கூசியது. பிலிமோனியின் சிரிப்பு குறையவில்லை.

"கேக்கச் சொன்னீங்கன்னு தெரியும் அத்தை. நேத்தே சொன்னான், பன்றிக் கொட்டில்ல வச்சு."

"உன்கிட்டயா சொன்னான்?"

"வேற யார்கிட்ட சொல்வான்? அந்தக் கொக்குக்காலனுக்கு என்னை விட்டா ஆளு ஏது?" ஆரஞ்சுத் தட்டைத் தூக்கிக்கொண்டான். "நீங்க சொன்னதைச் சொல்லிடறேன். ஆனா அவன் என்னைக்கு என் பேச்சைக் கேட்டான்?"

இறுதி ஆட்டம் தலைநகர் சுவாவின் பையன்களோடு. பெரிய பள்ளிகளிலிருந்து பொறுக்கியெடுத்த அணி. ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரி மூட்டை, தொடை ஒவ்வொன்றும் தென்னந்தூர் கனம். கிடியோனே ஒரு காரியம் செய்தார். மகனை இடது ஓரத்திலும் மருமகனை வலது ஓரத்திலும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டார். மைதானம் 'ஓ' என்றது. எல்லோருக்கும் புரிந்தது.

"பட்டியல் எழுதறவரு இப்பத்தான் பேனாவைத் தொறக்கறாரு" என்றாள் லவேனியா. அவள் கை தோரிகாவின் கையைப் பிடித்திருந்தது.

ஏழு நிமிடம் ஒரு பாதி. கண் சிமிட்டினால் ஒரு ட்ரை போய்விடும். முதல் பாதியில் பிலிமோனி இடுப்பைக் குறிவைத்துப் பாய்ந்தான், பிடி வழுக்கியது. சுவாக்காரன் கோட்டைத் தொட்டான். லவேனியா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நிமிடமே அதே ஓரத்தில் இன்னொரு சுவாக்காரன் தப்பி ஓட, மறுகோடியிலிருந்து மைதானத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வந்தான் இசோவா. கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சாய்த்தான்.

"தூங்குறியா மச்சான்? பாய் கொண்டாரவா?" என்று கத்தினான், எழுந்துகொண்டே.

"நீ ஓட இடம் குடுத்தேன்டா, நன்றி கெட்டவனே!" என்றான் பிலிமோனி.

கடைசி நிமிடம். சுவா பதினேழு, தென்கரை பன்னிரண்டு. பந்து வானத்தில். அதற்காக மூன்று பேர் எகிறினார்கள். பிடித்தவன் பிலிமோனி. தரையில் கால் பதியும் முன்பே இரண்டு பேர் அவன்மேல் தொங்கினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் பந்தை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். அங்கே யார் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நடக்கத் தொடங்கியதிலிருந்து கடற்கரையில் கூடவே ஓடியவன் எங்கே இருப்பான் என்று தெரியாதா?

இசோவா பந்தை வாங்கினான். அறுபது மீட்டர். ஓரக்கோட்டின் வெள்ளைச் சுண்ணாம்பு அவன் காலடியில் தெறித்தது. ஒருவனைக் கடந்தான். இன்னொருவனைக் கையால் தள்ளினான். "ஓடு! ஓடுடா என் ராசா!" என்று கத்தியது தோரிகா அல்ல, லவேனியா. கோட்டருகே கடைசி ஆள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்து, பிடித்த காலின்மேலேயே விழுந்தான். விழுந்தபடியே இசோவா கையை நீட்டிப் பந்தை ஊன்றினான்.

ட்ரை! ஐந்து புள்ளி, பதினேழுக்குப் பதினேழு.

இசோவா இரண்டு மூச்சு நேரம் எழுந்திருக்கவில்லை. முதலில் ஓடிவந்தவன் பிலிமோனி. குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னான், அவனை அப்படியே முதுகில் தூக்கிக்கொண்டான். உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதற்குள் அணித்தலைவன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இன்னும் இரண்டு புள்ளி சேர்த்துவிட்டான். பத்தொன்பதுக்குப் பதினேழு!

எங்கு பார்த்தாலும் டிரம்மும் பெண்களின் கூவலும். இரண்டு அணிகளும் கைகோத்து வட்டமாக மண்டியிட்டு ஜெபம் செய்தன. நான்கு குரலில் பாட்டு எழுந்தது. பாட்டு முடிந்து 'ஆமென்' சொன்ன மறுகணம், கிடியோனே தலை நிமிரும் முன்பே, இசோவா அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தான்.

ஓட இடமில்லை.

இசோவா ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல மண்டியிட்டான். கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினான். மாமனிடம் கேட்பவன் தட்டும் தட்டு. டிரம் நின்றது. ரொட்டிக்காரப் பெண்மணி கூடக் குடையை மடக்கிவிட்டாள்.

தோரிகா ஓரடி முன்னால் வந்தாள். 'வேண்டாம்டா' என்று கத்த நினைத்தாள். அதற்குள் அவன் வாய் திறந்துவிட்டான்.

"மாமா" என்றான் இசோவா. "உங்க மருமகன் கேக்க வந்திருக்கேன்."

கிடியோனேயின் நெற்றியில் வியர்வை ஓடியது. தங்கையின் பக்கம் பார்க்காமல், மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு பலியாடு போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேளு மருமகனே."

"எனக்கு சேர்மன் வேணும்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை.

"எந்த சேர்மன்?"

"நம்ம சேர்மன்தான் மாமா. உங்க கொட்டில்ல இருக்கிற பெரிய கறுப்புப் பன்றி. அதைக் குடுங்க."

பின்னாலிருந்து பிலிமோனியின் சிரிப்புதான் முதலில் வெடித்தது. அதற்குப் பிறகு மைதானமே வெடித்தது. கிறிஸ்துமஸுக்கென்று பதினான்கு மாதமாகக் கிடியோனே கையால் ஊட்டி வளர்த்த பன்றி. ஞாயிறு தவறாமல் அதைக் குளிப்பாட்டுவார். பிள்ளைகளைக்கூட அப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று லவேனியா சண்டை பிடித்திருக்கிறாள்.

"மாமா ஒரு நாளைக்கு ஒண்ணுதானே குடுப்பாரு" என்று இசோவா குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னான். "நான் கேட்டு முடிச்சிட்டேன். இனி அந்தக் காகிதத்துல நீங்க யாரு பேரை வேணாலும் எழுதலாம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கிடியோனே நிமிர்ந்தார். காலையிலிருந்து கூனிப்போயிருந்த மனிதர் பழைய உயரத்துக்கு வந்தார்.

"எடுத்துக்கோடா" என்றார். குரல் உடைந்தது. "கயிறையும் சேர்த்து எடுத்துக்கோ."

தோரிகா அழுதாள். மறைக்கவில்லை. பெற்றவள் கோணலாகச் சொன்ன வார்த்தையைப் பிள்ளை நேராக்கிவிட்டான். கொட்டிலில் உட்கார்ந்து அந்தக் கொக்குக்காலனும் பல்லுடைஞ்சானும் சேர்ந்து போட்ட திட்டம்! அவர்களுக்கு முன்னால் தான் எவ்வளவு சின்னவளாகிவிட்டோம் என்று நினைத்தாள். அது கூட அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

காகிதம் வந்தது. பதினோரு பெயர்களை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பிறகு காகிதத்தைத் தொடையில் வைத்து, எல்லோர் கண் முன்னாலும் பேனாவால் ஒரு பெயரை எழுதினார். எழுதி முடித்து மகனை ஒரு தடவை பார்த்தார். பிலிமோனி தலையாட்டினான்.

"பன்னிரண்டு. இசோவா."

லவேனியாதான் முதலில் எழுந்து ஆடினாள். தோரிகாவைக் கட்டிக்கொண்டு, கொண்டாட்ட வழக்கப்படி அவள் முகத்தில் பவுடர் கொட்டி, இடுப்பை ஒடித்து ஆடினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "வயிறெரியுதுடி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஓடுனான்டி, உன் பய. ஓடுனான்!"

கூட்டம் கலைகிற சந்தடியில் கிடியோனே இவர்கள் பக்கம் நடந்து வந்தார். மூன்றடி தள்ளி, கோல் கம்பத்துக்கு எதிரில் நின்றார். தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பத்தில் கை வைத்து, அதனிடம் பேசினார்.

"கம்பமே, உன் பக்கத்துல ஒரு தாய் நிக்கிறா. அவகிட்ட சொல்லு. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததுக்கு அவ அண்ணன் கையெடுத்துக் கும்பிடறான்னு சொல்லு."

இருபத்து மூன்று வருடம் கழித்து அண்ணனின் குரல் தனக்கென்று கேட்டது. தோரிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேட்டுச் சொல்லு கம்பமே. எட்டு நாள்ல விமானம். முழு உடம்போட இருக்கிறவனைத்தான் கூட்டிட்டுப் போக முடியும். வைத்தியர் தாளை இன்னைக்கே அனுப்பணும். பிள்ளை உடம்புல குறையேதும் இருக்கா? பெத்தவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியாது."

தோரிகா பூரித்துப்போய் மகனைத் தேடினாள். தூரத்தில் பையன்கள் நடுவே நின்றான். பிலிமோனியின் தோளில் கை போட்டிருந்தான். பார்ப்பவர்களுக்கு அது மச்சான்கள் கொஞ்சிக்கொள்வதாகத்தான் தெரியும். பெற்றவளுக்கு வேறொன்று தெரிந்தது. வலது கால் தரையில் படவில்லை. பிலிமோனி அவனைத் தாங்கி நின்றான், முழு எடையையும். காலுறைக்கு மேல் கணுக்கால் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது.

உப்பு மூட்டை தூக்கியது விளையாட்டுக்கு இல்லை. கையை ஊன்றி மண்டியிட்டது பணிவினால் மட்டும் இல்லை.

இசோவா அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டான். 'சொல்லாதே' என்று தலையை லேசாக ஆட்டினான். அவன் அருகில் இன்னொரு தலையும் அப்படியே ஆடியது. பிலிமோனி! அந்தக் கால் வெளியே தெரிந்தால் யாருக்கு இடம் கிடைக்குமோ, அவனே சொல்லாதே என்கிறான்.

கிடியோனே கம்பத்தில் கை வைத்தபடி காத்திருந்தார்.

கம்பத்திடம் பேசித் தோரிகாவுக்குப் பழக்கமில்லை. அண்ணனிடம் பேசவும் வழியில்லை. இருந்த வழி ஒன்றுதான்.

"அண்ணி" என்றாள். "உன் புருஷனுக்கு ஒரு சேதி. கூட்டாம குறைக்காம, நான் சொல்றதை அப்படியே சொல்லணும். சொல்லுவியா?"

"இன்னைக்கு நீ எது சொன்னாலும் சொல்றேன்டி" என்று லவேனியா சிரித்தபடி காதை நீட்டினாள்.

மகனின் கணுக்காலைப் பற்றித் தோரிகா அந்தக் காதில் சொன்னாள்.

லவேனியாவின் ஆட்டம் நின்றது. தோரிகாவைப் பார்த்தாள். தூரத்தில் ஒருவனையொருவன் தாங்கிக்கொண்டு நின்ற இரண்டு பையன்களையும் பார்த்தாள். மூன்றடி தள்ளி முதுகைக் காட்டி நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"என்ன சொல்றா அவ?" என்று கேட்டார் கிடியோனே, திரும்பாமலேயே.

லவேனியா வாயைத் திறந்தாள்.